கல்லிடைக்குறிச்சியில் கொடுத்த கலர்

பாடகர் மாடக்கண்ணு எந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் எந்தப் பாட்டை எத்தனையாவதாகப் பாடினார் என்று கேட்டால், கிருபைராஜ் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். பாளையங்கோட்டையில் தபாலாபீஸ் குமாஸ்தா அவன். ஆபீஸில் பத்துக் கடிதத்தில் இரண்டு தெரு மாறிப் போகும்; மாடக்கண்ணு விஷயத்தில் மட்டும் தப்பே வராது. ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர் வேறு. அந்தப் பதவியில் ஒரு பைசா வருமானம் கிடையாது. ஆனால் ஒரு பெரிய உரிமை இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மேடையேறி அண்ணாச்சிக்குக் கலர் கொடுப்பது செயலாளர்தான்.

கலர் என்றால் பாட்டிலில் வரும் சிவப்புச் சோடா. பாதியைக் கீழே ஊற்றிவிட்டு, அந்த இடத்தை பிராந்தியால் நிரப்பியிருப்பார்கள். அது உள்ளே போனால்தான் அண்ணாச்சிக்கு உச்சத்தில் குரல் நிற்கும் என்பது மன்றத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. பக்தி முற்றினால் புத்தி எங்கே வேலை செய்யும்!

மாடக்கண்ணு செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நாற்பத்தோரு வயது, ஈரல் கெட்டுப் போனது. சென்னையில் படிக்கிற மேலப்பாளையத்துப் பெண் சபீதா அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தாள். தொண்ணூற்றாறாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மன்றத்து நண்பன் பாபநாசத்தின் மைக்செட் கடை மாடியில் டிவியும் வீடியோ டெக்கும் வைத்துப் போட்டுக் காட்டினார்கள். மன்றத்து ஆட்கள் முப்பது பேர் தரையில் உட்கார்ந்தார்கள். முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் மாடக்கண்ணுவின் மனைவி கோமு, மடியில் ஒரு துணிப்பையோடு. படம் முடிந்ததும் அவளுக்குச் சால்வை போர்த்த வேண்டியது கிருபைராஜ். காலையில் சர்ச் ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நேரே வந்திருந்தான்.

அண்ணாச்சி முகம் வந்ததும் மாடி அதிர விசில். அது கொஞ்ச நேரம்தான். பிறகு திரையில் கோமு வந்தாள். கையில் நூலால் கட்டிய காலண்டர் தாள்கள்.

"குடிய விட்டாவ. குடிக்காத ஒவ்வொரு நாளுக்கும் மறுநாள் காலையில தாளக் கிழிச்சு என் கையில குடுப்பாவ. 'இந்தா கோமு, நேத்தைக்கு'ம்பாவ. தொண்ணூத்தொரு தாள் இருக்கு. கல்லிடைக்குறிச்சிக் கொடைக்குப் போயிட்டு வந்த அன்னைக்குக் குடுக்கல. கேட்டேன். 'ரசிகப் பிள்ளேளு ஆசையா குடுத்தானுவ, அவங்கள ஒண்ணும் சொல்லாத'ன்னாவ. அதுக்கப்புறம் காலண்டர் பக்கமே போகல."

அடுத்து என்ன வரப்போகிறது என்று கிருபைராஜுக்குத் தெரிந்துவிட்டது.

வந்தது. கல்லிடைக்குறிச்சி மேடை. யாரோ கல்யாண வீடியோக்காரர் எடுத்தது. அன்று அண்ணாச்சி ஐந்து பாட்டு வெறும் வாயோடு பாடியிருந்தார். கூட்டம் சும்மா இருந்தது. பாபநாசம் காதில் வந்து, "ஏலே, அண்ணாச்சிக்குத் தொண்டை எடுக்கலியே, கலரக் கொண்டு போலே" என்று சொன்னது நேற்றுப் போல் இருக்கிறது. திரையில் ஒரு கை பாட்டிலை நீட்டியது. மாடக்கண்ணு தலையை ஆட்டினார். கை பின்வாங்கவில்லை. அவர் குனிந்து ஏதோ சொன்னார். அது டேப்பில் விழவில்லை. கேட்டவன் கிருபைராஜ் ஒருவன்தான். "வேண்டாம்டே, வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்." இன்னொரு கையும் வந்து சேர்ந்தது. பாட்டிலை நடுவில் வைத்து இரண்டும் கும்பிட்டன. "எங்களுக்காக ஒரு மடக்கு, அண்ணாச்சி!"

அவர் வாங்கிக் குடித்தார். அப்போது கிளம்பியது பாருங்கள் விசில்! அவர் வாய் திறப்பதும் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரிந்தது. பாட்டு கேட்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த காட்சியில் கிருபைராஜே வந்தான். கீழே பெயர், பதவி எல்லாம் எழுத்தில். ஆறு மாதம் முன்னால் சபீதா வந்து கேட்டபோது, தலையை வாரிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

"வீட்டுல ஒழுங்கா கவனிச்சிருந்தா அண்ணாச்சி இன்னைக்கு நம்மகூட இருந்திருப்பாவ."

முன்னால் இருந்த நாற்காலி அசையவில்லை. கோமுவின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. கிருபைராஜுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. சீ, என்ன மனுசன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். செத்த மனுசன் கடைசிவரை தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தான் மட்டும் அவர் பெண்டாட்டியை ஊர் பார்க்கக் காட்டிக்கொடுத்திருக்கிறோம், அதுவும் பொய்யாக.

படம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. பாபநாசம் சால்வையைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தான்.

"கை மட்டுந்தானலே தெரியுது, மூஞ்சி இல்லல்லா? பேசாம போத்திட்டு வா."

கிருபைராஜ் போனான். கோமு எழுந்து நின்றாள். சால்வையை விரித்தான். விரித்த கையைப் பார்த்தான். அதே கை. அதை அவள் தோளில் கொண்டுபோய் வைக்க அவனால் முடியவில்லை.

"மதினி, அந்தக் கை என்னுது."

கோமு பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ. வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்னாவ. நான்தான் விடல. தெரிஞ்சுக்கிட்டே உங்க மேல பழியப் போட்டுட்டேன்."

முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். கோமு திட்டுவாள், அழுவாள், சால்வையை வீசி எறிவாள் என்று கிருபைராஜ் காத்திருந்தான். எதுவானாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான்.

"அதைக் குடிச்சிட்டு என்ன பாட்டு பாடுனாவ?" என்று கேட்டாள். "டிவில உங்க விசில்தான் கேக்கு. கடைசியா நல்லாப் பாடுனது அதுதான்னு எல்லாரும் சொல்லுதாவ. நான் கேக்கலியே."

கிருபைராஜ் வாயைத் திறந்தான். முதல் ஐந்து பாட்டும் வரிசையாக வந்தன. ஆறாவது வரவில்லை. பாட்டிலைக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து குதித்தது, மன்றத்து ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது, அவன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தது எல்லாம் நினைவிருந்தது. பாட்டை அவன் கேட்கவே இல்லை. திரும்பிப் பாபநாசத்தைப் பார்த்தான். பாபநாசம் குனிந்து டிவி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் கோமு. "நான் இருக்கேன்."

பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரித்த சால்வையோடு கிருபைராஜ் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.