பாக்கியத்துக்கு வேண்டிய இரத்தம்

"நான் இரத்தம் குடுத்திருந்தா உங்கக்கா பொழைச்சிருப்பாளா, தங்கச்சி?"

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள், சிங்கப்பூர் ஜாலான் புசாரில் எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு யாக்கூப் அண்ணன் கேட்டார். அப்பா கதவுக்கு நேரே நாற்காலியில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

அப்பாவும் யாக்கூப் அண்ணனும் ஒரே இரும்புச் சாமான் கடையில் வேலை பார்ப்பவர்கள்.

பாக்கியம் அக்காவுக்குச் சிறு வயதில் வந்த காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் அவளால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியாது. அதனால்தான் நான் செகண்டரி ஒன்றோடு, ஏழாம் வகுப்பிலேயே, பள்ளியை விட்டேன். எனக்கு வருத்தமில்லை. தலை வாரிவிடும்போதெல்லாம், "வாயைத் தொறந்து பேசுடி, ஈ ஒண்ணும் உள்ள போயிடாது" என்று அவள் என் பின்னலை இழுப்பாள்.

இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, வால்வைச் சரிசெய்யலாம் என்றார் டாக்டர். "இப்படியே இருந்துட்டுப் போறேன்பா" என்றாள் அக்கா. "படி ஏறினா மூச்சு வாங்குற பொண்ண எவன் கட்டுவான்?" என்று அப்பா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

இயந்திரத்துக்குப் புது இரத்தம் வேண்டும், ஆள் கூட்டி வாருங்கள் என்றது ஆஸ்பத்திரி. அப்பாவோடு கடையில் வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள். யாக்கூப் அண்ணனும் வந்தார். ஊசியைப் பார்த்ததும் அவருக்குக் குப்பென்று வேர்த்தது.

"ரெண்டு மூட்டை ஆணியத் தோள்ல தூக்குற ஆளு, ஒரு ஊசிக்கா பயப்படறே லா?" என்று சிரித்தார்கள். அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை.

ஆபரேஷன் அன்று மாலை டாக்டர் எங்களிடம் வந்தபோது முகமூடி கழுத்தில் தொங்கியது. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் அப்பாவிடம் தமிழில் சொன்னேன். வால்வு சரியாகிவிட்டது. ஆனால் இயந்திரத்தின் குழாயைச் செருகியிருந்த பெரிய இரத்தக் குழாய் கிழிந்துவிட்டது. தைக்கத் தைக்க, நனைந்த காகிதம் போல விட்டுக்கொண்டே போனது. இரத்தம் நிற்கவே இல்லை.

"இரத்தம் பத்தலையா?" என்று அலறியபடி அப்பா எழுந்து ஓடிவிட்டார். டாக்டர் மீதியை என்னிடம் மட்டும்தான் சொன்னார். அதை எடுத்துச் சொல்லப் போனபோதெல்லாம், "அதப் பேசாதே" என்று அப்பா கையை உயர்த்தினார். கடையிலோ, பயந்தவனால் பிள்ளை போச்சு என்று எல்லோரிடமும் சொன்னார். யாக்கூப் அண்ணன் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

இப்போது அவர் கன்னம் ஒட்டிப்போய் நின்றார்.

"எதுக்குடா வந்தே? இங்க ஊசி இல்லேன்னு தெரிஞ்சுதான் வந்தியா?" என்றார் அப்பா.

"சேகரண்ணே, நீங்க அடிங்க, வாங்கிக்கிறேன். டாக்டர் பேசினது தங்கச்சிக்குத்தான் தெரியும். அது சொல்லட்டும்."

சொன்னால் அந்தப் பழி யாக்கூப் அண்ணனை விட்டு இறங்கி எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே. பொழைச்சிருக்க மாட்டா. கிழிஞ்சதத் தைக்க முடியல, அவ்வளவுதான். இரத்தம் இருந்துச்சு."

அப்பா திரும்பினார். "இருந்துச்சா?"

"மிச்சமே இருந்துச்சுப்பா. டாக்டர் சொன்னாரு."

யாக்கூப் அண்ணன் படியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அப்பா, கையெழுத்துப் போட்ட தன் வலது கையைப் பார்த்தார். நான் "அப்பா" என்றேன். அவர் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாக்கூப் அண்ணனைத் தாண்டி, சுவரைப் பிடித்துப் பிடித்து, இறங்கிப் போனார்.