கலஃப் அண்ணன் குதிகாலில் விழுந்த உதை

நான்காம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். கலஃப் அண்ணன் முன்னால், நான் மூன்று படி பின்னால். இருவர் தோளிலும் மணல் மூட்டை. காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் மூட்டையைக் கீழே போட்டார். தான் விழுவதற்கு முன்பே திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்.

“நாயே, என்னத்துக்குடா உதைச்ச?”

“நான் எங்கண்ணே உதைச்சேன்?”

“பின்னால வேற எவன் இருக்கான்? பிசாசா வந்து உதைச்சது?”

படியில் உட்கார்ந்து வலது குதிகாலைப் பிடித்துக்கொண்டார். ரத்தம் இல்லை. எழுந்து நிற்கப் பார்த்தார், பாதம் பேச்சுக் கேட்கவில்லை. அவருடைய மூட்டை கிழிந்து மணல் படிப்படியாக இறங்கி என் செருப்பை மூடியது.

நான் உதைக்கவில்லை. ஆனால் முதல்நாள்தான் எல்லோர் முன்னாலும் அவரை நொண்டிக் கழுதை என்று சொல்லியிருந்தேன். மூன்று நான்கு நாளாகவே ஆமைபோல ஏறி, பின்னால் வருகிற எங்களை எல்லாம் மூட்டையோடு நிற்க வைத்துக்கொண்டிருந்தார். தோளில் நாற்பது கிலோவோடு நிற்பவன் வாயில் நல்ல வார்த்தை வராது. அவரும் பதிலுக்கு என் அம்மாவை இழுத்தார். ஸக்லூல் மேஸ்திரி குறுக்கே வந்து விலக்கிவிட்டார். இப்போது அண்ணன் விழுந்ததும் மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

மேஸ்திரி, கலஃப் அண்ணன், கூட மூட்டை தூக்கும் பெகீத், நான், நால்வருமே எகிப்தின் தெற்கே சோஹாக் பக்கத்து ஆட்கள். கீஸாவில் லிஃப்ட் இல்லாமல் எழும்பும் கட்டடங்களுக்கு மணலும் சிமெண்டும் எங்கள் தோளில்தான் ஏறும். எங்கள் ஊரில் ஒருவன் கால் ஒடிந்தால் அது அவனோடு நிற்காது. அவன் அண்ணன் தம்பி கிளம்புவார்கள், என் சித்தப்பா மக்கள் கிளம்புவார்கள், பெரிய மனிதர்கள் கூடி உட்காருவார்கள். உதைத்தவன் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால் என் மகன்களும் உதைத்தவன் மகன்கள்தான். அவர்களுக்குப் பெண் கேட்டுப் போகும் வீட்டில்கூட அதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிப் போனதும் நானும் பெகீத்தும்தான். வழியெல்லாம் என் தோளில் தொங்கிக்கொண்டே என்னைத் திட்டினார். சின்ன வயது டாக்டர் ஒருவர் அண்ணனைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தார். இடது காலைப் பிசைந்தபோது பாதம் அசைந்தது. வலது காலைப் பிசைந்தபோது செத்த மீனின் வால்போலக் கிடந்தது.

“குதிகால் நரம்பு முழுசா அறுந்துபோச்சு. எப்படி ஆச்சு?”

“பின்னாலருந்து உதைச்சான். இதோ நிக்கிறான் பாருங்க, இவன்தான்.”

டாக்டர் தலையைத் தூக்காமல் எழுதினார். பின்னாலிருந்து உதைபட்டதாகக் கூறுகிறார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். மாவுக்கட்டுப் போட்டு, ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அண்ணன் ஊருக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை ரயிலில் தம்பி ஷிஹாத்தா வருவதாகச் சொன்னார்கள். அன்று செவ்வாய்.

எனக்குப் பயம் இருந்தது. அதைவிட அதிகமாக ஒரு கேள்வி இருந்தது. உதைத்தது நான் இல்லை. அண்ணன் பொய் சொல்கிற ஆளும் இல்லை. அப்படியென்றால் என்ன நடந்தது?

மறுநாள் வேலைக்கு முன்னால் அந்தப் படியில் போய்த் தேடினேன். மேலிருந்து செங்கல் விழுந்திருக்குமோ என்று பார்த்தேன். ஒரு சில்லுகூட இல்லை. பிறகு பெகீத்தை மூட்டையோடு மூன்று படி முன்னால் நிறுத்தினேன். நான் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் குதிகாலை எட்டி உதைக்கப் பார்த்தேன். கால் எட்டவே இல்லை. இன்னும் கொஞ்சம் எட்டினேன். மூட்டையோடு பின்னால் சாய்ந்து சுவரில் மோதினேன்.

பெகீத் விழுந்து விழுந்து சிரித்தான். “நல்லாப் பண்ற கினாவி! ஷிஹாத்தா வந்ததும் இதையே பண்ணிக் காட்டு. ‘ஐயா, எனக்கு உதைக்கத் தெரியாது’ன்னு சொல்லு. பரிதாபப்பட்டு விட்டுருவாங்க.”

“மூட்டையைக் கீழ வச்சுட்டு உதைச்சான்னு சொல்லுவாங்கடா.”

“அதுவும் சரிதான். அப்போ செத்த நீ.”

சாயங்காலம் ஃபத்தூஹ் கசாப்புக் கடைக்குப் போனேன். மாட்டுக்கால் சூப்புக்குக் கால் வாங்கும் கடை. கடை வாசலில் முழுக் கன்று ஒன்று தலைகீழாகத் தொங்கியது. கொக்கி மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தபோது நின்றுவிட்டேன். பின்னங்காலில் குதிகாலுக்கு மேலே, எலும்புக்கும் கயிறுபோல முறுக்கேறிய வெள்ளை நரம்புக்கும் நடுவே கொக்கி போயிருந்தது. கன்றின் மொத்தக் கனமும் அந்த இரண்டு கயிற்றில்தான்.

“அண்ணே, இது அறுந்து விழாதா?”

“இருபத்தெட்டு வருஷமாத் தொங்க விடறேன். ஒண்ணுகூட அறுந்ததில்ல.” ஃபத்தூஹ் கத்தியின் பின்பக்கத்தால் அந்த நரம்பைத் தட்டினார். டங்கென்று கேட்டது. “கத்திக்கே தண்ணி காட்டும் இது. ஏன், உனக்கு வேணுமா?”

“மனுசனுக்கும் இதுதானே இருக்கு? ஒரு உதையில அறுந்துருமா?”

“எவன் உதைச்சான், கோவேறு கழுதையா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். விஷயம் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. “ஓ, அது நீதானா? இங்க பாரு. நல்ல கயிறு இழுத்தா அறுபடாது, உதைச்சாலும் அறுபடாது. உள்ளயே இத்துப் போன கயிறுதான் படியேறும்போது அறும். அந்த ஆளு என்ன தின்னாரு, என்ன குடிச்சாரு?”

அதை யோசித்துக்கொண்டே அறைக்கு வந்தேன். தின்றதில் வித்தியாசம் இல்லை. காலையில் ஒரே சட்டியில் அவரைப் பருப்பு, ஒரே கட்டு ரொட்டி, கறுத்த டீ. நாங்கள் சாப்பிடாத எதை அவர் சாப்பிட்டார்?

“மாத்திரை,” என்றான் பெகீத். “மூத்திரம் போனா எரியுதுன்னு பத்து நாளா ஒண்ணு முழுங்கிட்டு இருந்தாரே. அப்புறம் சளி ஊசி.”

“சளி ஊசி நானும்தான் போட்டேன். என் கால் நல்லாத்தானே இருக்கு?”

“நீ ஒண்ணு போட்ட. அவரு மூணு போட்டாரு. ஊசி போட்டா மூட்டை லேசா இருக்குதாம்.”

குளிர்காலத்தில் எங்கள் தெருவில் சளி ஊசி போடாத ஆள் கிடையாது. மருந்துக்கடையில் ஷவ்கி ஒரே ஊசியில் மூன்று மருந்தை இழுத்துக் குத்துவான். மாலையில் காய்ச்சலோடு போனவன் காலையில் மூட்டை தூக்குவான். ஷவ்கி படித்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் எல்லோரும் டாக்டர் என்போம்.

அண்ணனிடமே கேட்கலாம் என்று பார்த்தால் அவர் என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தூங்கியபிறகு படுக்கை ஓரத்திலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டேன். சிப்ரோ என்று போட்டிருந்தது. இரண்டு மாத்திரை மீதி இருந்தது.

வியாழன் காலை, ஷவ்கி இல்லாத நேரமாகப் பார்த்து மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்குச் சொந்தக்காரர் தமியானா அம்மா இருந்தார். படித்துப் பட்டம் வாங்கியது அவர்தான். அட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே எழுந்துவிட்டார்.

“இதோட சளி ஊசியுமா? எத்தனை?”

“மூணு, டாக்டரம்மா.”

“அட கடவுளே.” அலமாரியிலிருந்து அதே மாத்திரைப் பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே எட்டாக மடித்திருந்த தாளை விரித்தார். எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. பேனாவால் மூன்று வரிக்குக் கோடு போட்டார். “இதப் படி. ரொம்பப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. எப்பவாவது ஒருத்தருக்குக் குதிகால் நரம்பை இந்த மாத்திரை பலவீனமாக்கிடும். அந்த ஊசியில ஸ்டீராய்டு இருக்கு. ரெண்டும் சேந்தா ஆபத்து இன்னும் அதிகம். அறுகிறதுக்கு முன்னால வலிக்கும். அவரு வலிக்குதுன்னு சொல்லலயா?”

நொண்டிக் கழுதை என்று நான் சொன்னது ஞாபகம் வந்தது. “சொல்லல. ஆனா நொண்டினாரு. நாலு நாளா.”

“அப்பவே நிறுத்தியிருக்கணும்.”

“அப்போ உதை? உதை விழுந்துச்சுன்னு சத்தியம் பண்றாரே, டாக்டரம்மா.”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “இது அறுந்தா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. என் சித்தி பையன் பந்து விளையாடும்போது அறுந்துச்சு. திரும்பி கோல்கீப்பரைப் போட்டு அறைஞ்சுட்டான். அந்தப் பையன் பத்து மீட்டர் தள்ளி நின்னுட்டு இருந்தான்.” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “இன்னொரு கால் எப்படி இருக்கு?”

“அது நல்லா இருக்கு.”

“நீ பாத்தியா, அவரு சொன்னாரா? பாதிப் பேருக்கு ரெண்டு கால்லயும் வரும். மீதி மாத்திரையை முழுங்க விடாதே. அந்தக் கால்ல பாரம் போட வேண்டாம்னு சொல்லு. ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட இந்த ரெண்டு மருந்து பேரையும் சொல்லணும், நானே எழுதித் தர்றேன்.”

“ஷவ்கி?”

“கேக்காமக் குத்தினது அவன் தப்பு. அவன்கிட்ட கடையை விட்டுட்டுப் போனது என் தப்பு. அவன் விஷயத்தை நான் பாத்துக்கறேன்.”

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் மணல் ஏற்றினேன். இன்னொரு காலிலும் வலி இருந்தால், அதை உதைத்தவன் யார்?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஷிஹாத்தா வந்தார். கூடவே மலைபோல இரண்டு மகன்கள். கட்டடத்தின் தரைத்தள அறையில் அண்ணன் கட்டுப் போட்ட காலை மூட்டைமேல் தூக்கி வைத்துக் கிடந்தார். மேஸ்திரி டீ கொண்டுவரச் சொன்னார். வந்தவர்கள் யாரும் டீயைத் தொடவில்லை. தொட்டால் சமாதானம் ஆகிவிடும்.

“கினாவி எவன்?” என்றார் ஷிஹாத்தா.

“நான்தான். என்னைக் கேக்கறதுக்கு முன்னால அண்ணன்கிட்ட ஒண்ணு கேளுங்க. அவரு இடது கால் எப்படி இருக்குன்னு.”

“அடிச்சவன் நலம் விசாரிக்கிறான் பாரு,” என்றான் ஒரு மகன்.

“கேளுங்க.”

கலஃப் அண்ணன் என்னைப் பார்த்தார். நான்கு நாளில் முதல் தடவை. “அதுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு,” என்றார். குரல் சுருதி சேரவில்லை. ஷிஹாத்தா தம்பி அல்லவா, அண்ணன் குரல் அவருக்குத் தெரியும். குனிந்து, இடது குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் கிள்ளினார். அண்ணன் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற பெகீத் டீத்தட்டைச் சாய்த்துவிட்டான்.

“எத்தனை நாளா இப்படி?”

அண்ணன் போர்வையை இழுத்து இடது காலை மூடினார்.

“அண்ணே, உன்னைத்தான். எத்தனை நாளா?”

“விழறதுக்கு முன்னாலருந்து,” என்றார் அண்ணன். “ரெண்டு கால்லயும்.”

“ஏன்யா சொல்லல?” என்றார் மேஸ்திரி.

“சொன்னா நீ மூட்டை தூக்க விட்டிருப்பியா? காலு வலிக்குதுங்கிறவனை மறுநாளே வேண்டாம்பியே நீ.”

மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

நான் டாக்டரம்மா கொடுத்த தாளை எடுத்து, கோடு போட்ட இடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். குதிகால் நரம்பு பற்றிய வரி. ஸ்டீராய்டு பற்றிய வரி. அத்தோடு மடித்தேன். ஷிஹாத்தா கையை நீட்டினார்.

“மூணு கோடு இருக்கு. நீ ரெண்டுதான் படிச்ச.” வாங்கி அவரே படித்தார். படித்ததும் அவருக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. “அறுபது வயசைத் தாண்டினவங்களுக்கு இன்னும் அதிகமாம். அண்ணே, எனக்கே அறுபதாச்சு.”

“எனக்கு அம்பத்திரண்டு,” என்றார் கலஃப் அண்ணன்.

“மேஸ்திரிகிட்டச் சொன்னது அம்பத்திரண்டு. நமக்குத் தெரிஞ்சது அறுபத்துமூணு.”

பெகீத் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான். அறைக்குள் யாரும் சிரிக்கவில்லை. கலஃப் அண்ணன் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், மற்றவர்கள் அங்கே இல்லாததுபோலச் சொன்னார்.

“உதை விழுந்தது நிஜம்டா. இன்னைக்கும் அந்த இடம் தெரியுது.”

“தெரியும் அண்ணே. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம்.”

“உதைன்னா ஊரு வருது, தம்பி வர்றான். காலு தானா அறுந்துச்சுன்னா யாரு வருவா?”

நான்கு நாளாகத் தேடியதில் இது மட்டும் என் கண்ணில் படவே இல்லை.

ஷிஹாத்தா ஊருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. “உதை இல்ல. மாத்திரை... மாத்திரைங்கிறேன்! இல்லடா, யாரும் மாத்திரையால அடிக்கல. முழுங்கினது... நரம்பு இத்துப்போச்சு... யாரும் என்னை மிரட்டல, நான் சொல்றதைக் கேளு...” நெற்றியில் வியர்வை. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

கலஃப் அண்ணன் கையை நீட்டிப் போனை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“நான்தான் பேசறேன்,” என்றார். “எவனும் உதைக்கல. படியேறும்போது கால் தானாவே அறுந்துபோச்சு. யாரும் கிளம்பி வர வேண்டாம்.”

போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, டீயை எடுத்து வரச் சொன்னார். மீதி இருந்த டீ ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தோம்.