நாத்தனார் முழங்கை

தையற்கூடத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. உயரம் நாலே முக்கால் அடி. சூப்பர்வைசரே அவள் மெஷினைத் தாண்டும்போது தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தாண்டுவார். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் வந்தால், ஒரு சமையல் மேடையிடம் பத்தொன்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டை முதலில் கட்டியவன் எந்த ஒட்டகத்தை மனதில் வைத்து அந்த மேடையைக் கட்டினானோ தெரியாது. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் பானை என்று வைத்தால் பானையின் வாய் மிளகாயின் மோவாய்க்கு வரும். கீழே ஒரு பலகையைப் போட்டு, அதில் ஏறி நின்று, வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கிண்டுவாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்தொன்பது வருடம். போன வருடம் தோள் இறுகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "கையைத் தூக்கிச் செய்யற வேலையை விட்டுடும்மா. இல்லேன்னா ஒரு நாள் தையல் மெஷின்ல கை வைக்கவே முடியாமப் போயிடும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தையல் போனால் வீட்டின் பாதி வருமானம் போகும். அது அவளுக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும்.

அதனால்தான் சமையலறையை மாற்றுவது என்று முடிவானது. காசு அவளுடையது. மூன்று வருடம் ஓவர்டைம் பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. வீட்டுக்காரரைக் கேட்டால் "என்கிட்ட ஏது?" என்று இரண்டு கையையும் விரித்துவிடுவார். அந்த ஒரு வேலையை மட்டும் அவர் சுணங்காமல் செய்வார். இருக்கிற காசுக்குள் அடங்க வேண்டுமே என்று மிளகாய் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். அலமாரிக்குக் கதவு வேண்டாம். புகை இழுக்கிற மெஷின் வேண்டாம். பழைய குழாயே போதும். ஜன்னல் எப்படியோ கிடந்து தொலையட்டும். கடைசியில் தாளில் மிஞ்சியது ஒரே வரி: மேடை என் உயரத்துக்கு. அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டு, வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தாள்.

மேஸ்திரியையும் அவளேதான் தேடிப் பிடித்தாள். அந்த மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. அடிக்கணக்கு சொன்னால் காதில் வாங்க மாட்டார். வீட்டில் யார் சமைப்பாரோ அவரைச் சுவர் ஓரமாக நிற்க வைப்பார், முழங்கையை மடக்கச் சொல்வார், அதற்குக் கீழே எட்டு விரல் தள்ளிச் சுவரில் பென்சில் கோடு போடுவார். அந்தக் கோடுதான் மேடை. அவர் கட்டிய மேடையில் நின்றவர்களுக்கு இடுப்பும் வலிக்காது தோளும் வலிக்காது என்று கூட வேலை செய்கிறவள் ஒருத்தி சொன்னதைக் கேட்டுத்தான் மிளகாய் அவருக்குப் போன் போட்டாள். "இடிக்கிற தூசி எனக்கு ஆகாது மேஸ்திரி, மூச்சு இழுக்கும். நாலு நாள் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு சனிக்கிழமை வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை அளந்துக்கலாம்" என்றாள். அவரும் சரி என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் தையற்கூடத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்தாள். வந்தால், மேடை கட்டி முடிந்து, மேலே கல் பலகையும் பதித்து, பளபளவென்று நிற்கிறது.

வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "எப்படி? உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல. மேஸ்திரிக்கு வேற வேலை தள்ளிப் போச்சாம். வியாழக்கிழமையே ஆரம்பிச்சாச்சு."

நாற்காலியில் நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரின் அக்கா. வருடத்துக்கு ஒரு தடவை பத்து நாள் வருவாள். தம்பியைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்தவள். இரண்டு பேரையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். "நான்தாம்மா பக்கத்துலயே நின்னு பார்த்துப் பார்த்துக் கட்ட வச்சேன். ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

மிளகாய் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மேடைக்கு முன்னால் போய் நின்றாள். பழைய மேடையை விட இது இரண்டு விரல் உயரம். கையை மடக்கிப் பார்த்தாள். முழங்கை கல் பலகைக்குக் கீழே போய்விட்டது. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"மேஸ்திரி எங்க?"

மேஸ்திரி பின்பக்கத்தில் கொத்துக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவர் அவளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. அவளை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"யாரை நிக்க வச்சு அளந்தீங்க?"

"நான் கேட்டேன் தங்கச்சி. நீங்க முன்னாடியே வந்துட்டீங்க போலன்னு நெனச்சு, வீட்டம்மா வந்து நில்லுங்கன்னு சொன்னேன். இவங்க வந்து நின்னாங்க." அவர் கை நாத்தனார் பக்கம் காட்டியது.

"பின்னே? என் தம்பி வீட்டுல நான் நிக்காம யாரு நிப்பா?" என்றாள் நாத்தனார்.

"இவங்க ஊருக்குப் போறவங்கன்னு அப்புறம்தான் பேச்சுல தெரிஞ்சுது" என்று மேஸ்திரி தொடர்ந்தார். "உடனே சாரைக் கேட்டேன். இவங்க உயரம்தானா உங்க சம்சாரமும்னு, ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டேன் தங்கச்சி. ஏறக்குறைய அதேதான்னு சொன்னாரு."

மிளகாய் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு இப்ப?"

"மூடுங்கன்னு சொல்றேன்ல! மூடிக்கிட்டு, என் தலை உங்களுக்கு எது வரைக்கும் வரும்னு கையால காட்டுங்க."

அவர் அசட்டுச் சிரிப்போடு கண்ணை மூடினார். கை மேலே போனது, கொஞ்சம் இறங்கியது, யோசித்தது, கடைசியில் அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணைத் திறந்தார். எதிரே ஒன்றுமில்லை, சுவர்தான் தெரிந்தது. கீழே பார்த்தால், மார்புச் சட்டைப் பைக்கு நேரே மிளகாயின் உச்சந்தலை. மேஸ்திரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பத்தொன்பது வருஷம்" என்றாள் அவள். "ஒரே வீட்டுல, ஒரே கூரைக்குக் கீழ. நான் எவ்வளவு உயரம்னுகூட உங்களுக்குத் தெரியாது. தெரியாதுன்னா பரவால்ல, ஒரு போன் பண்ணிக் கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"அக்கா ஆசையா வந்து நின்னுச்சு, எப்படி வேணாம்னு சொல்றது..."

"ஓ! அக்கா மனசு நோகக் கூடாது. என் தோள் நோகலாம்!"

நாத்தனாருக்கு அது போதவில்லை போல. சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே? டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா ஊரைக் கூட்டுற? ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்னா ஆச்சு. இத்தனை நாள் அப்படித்தானே சமைச்சே, கொறஞ்சா போயிட்டே?" என்றாள்.

மிளகாய்க்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. அதை வெளியே விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று வருட ஓவர்டைம், கல்லாகி, நாத்தனார் அளவுக்கு நிற்கிறது. இன்னொரு மூன்று வருடத்துக்குத் தோள் தாங்காது.

"இதை இறக்க முடியுமா மேஸ்திரி?"

"மூடி மறைச்சு என்ன பிரயோஜனம், உண்மையைச் சொல்லிடறேன். கல் பலகை சிமெண்ட்ல பிடிச்சுக்கிச்சு. எடுத்தா உடையும். புதுப் பலகை வாங்கணும், செங்கல் வேலை மறுபடி. பாதிக் கூலியை நான் விட்டுக் குடுக்கறேன், தப்புல எனக்கும் பங்கு இருக்கு. அப்பவும் கையில இருக்கறது பத்தாது."

"என்கிட்ட ஏது?" என்று வீட்டுக்காரர் கையை விரித்தார்.

விரித்த அந்தக் கையைத்தான் அவள் பிடித்தாள். பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் மேடைக்கு முன்னால் நிறுத்தினாள். "முழங்கையை மடக்குங்க. மேஸ்திரி, நீங்க அளங்க."

மேஸ்திரி தயங்கினார். அவள் பார்த்த பார்வையில் விரலை வைத்து அளந்தே விட்டார். "எட்டு விரல். கணக்கா இருக்கு" என்றார் மெதுவாக.

"கேட்டீங்களா? உங்களுக்குன்னே கட்டின மேடை. சமைங்க. இன்னிக்கு ராத்திரியில இருந்தே. நான் இந்த அடுப்படி வாசப்படி தாண்டி உள்ள வந்தா என்னை ஏன்னு கேளுங்க. அண்ணி, உங்களுக்கும் இதே அளவுதான். தம்பிக்குக் கை வலிச்சா நீங்க கிண்டுங்க."

வீட்டுக்காரர் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். சிரித்துக்கொண்டே அரிசியைக் களைந்தார். சோறு அடியில் தீய்ந்து, மேலே வேகாமல் வந்தது. மிளகாய் நடுவிலிருப்பதைத் தேடி எடுத்துச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளையும் அவர்தான். காய் நறுக்கினார், விரலையும் நறுக்கிக்கொண்டார். "தம்பி, எனக்கு உப்புக் கம்மியா போடு" என்று நாத்தனார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தபோது, அவர் அக்காவைப் பார்த்த பார்வை புதுசாக இருந்தது. "நீயே வந்து போட்டுக்கக்கா" என்றார். திங்கட்கிழமை காலையிலேயே நாத்தனாருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. பேரனுக்கு உடம்பு சரியில்லை என்றாள். பேரனுக்கு என்ன உடம்பு என்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர், அடுப்படியில் நின்று பழக்கமில்லாத முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எப்படித்தான் தினமும் செய்யறியோ" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். மிளகாய் பின்பக்கத்தில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனாள்.

புதன்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் மேஸ்திரி நின்றார். தோளில் பெரிய சம்மட்டி. பின்னால் வீட்டுக்காரர், முகமெல்லாம் வெளிச்சம்.

"உடைக்கச் சொல்லிட்டேன்" என்றார். "உன் உயரத்துக்கே இறக்கிக் கட்டிடலாம். நீ இப்பவே நின்னு அளவு குடுத்துட்டுப் போ."

"காசு?"

"இருக்கு. ஆபீஸ்ல அட்வான்ஸ் கேட்டேன்."

"எப்ப கேட்டீங்க?"

"நேத்து."

"கேட்டதும் குடுத்துட்டாங்களா?"

"ம். ஒரு கையெழுத்துதான்."

மிளகாய் செருப்பில் பாதி நுழைத்த காலை வெளியே எடுத்தாள். அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"ஒரு கையெழுத்து. என் தோள் இறுகிப்போய், தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியாம நான் அழுதப்போ அந்தக் கையெழுத்தைப் போடத் தோணல. டாக்டர் சொன்னப்போ தோணல. மூணு வருஷம் நான் ஓவர்டைம் பார்த்தப்போ தோணல. உங்க முதுகு நாலு நாள் வலிச்சதும் தோணிடுச்சு."

வீட்டுக்காரர் மேஸ்திரிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்.

"இது என் உயரத்துக்கு இறங்கினா, மறுபடி நான் ஒருத்திதான் அது முன்னாடி நிப்பேன். எனக்குத் தெரியாதா உங்களை? மேஸ்திரி, சம்மட்டியை எடுத்துட்டுப் போங்க. இது சரியான ஆள் அளவுக்குத்தான் இருக்கு. இப்படியே இருக்கட்டும்."

மேஸ்திரி சம்மட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, "வரேன் தங்கச்சி" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"நாளைக்கு எனக்கு ஏழு மணி ஷிஃப்ட்" என்றாள் மிளகாய். "ஆறரைக்கு டிபன் பாக்ஸ் ரெடியா இருக்கணும்."

அவர் மேடைப் பக்கம் பார்த்தார், அவளைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"அதையும் நான்தான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.