ஜன்னலுக்கு வெளியே ஒரு லைன்மேன்

லைன்மேனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இடது கை இருந்தது. விரல்நுனி வரை கட்டுப் போட்டு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொட்டலம்போலத் தலையணைமேல் கிடந்தது.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. கம்பத்தின் உச்சியில் அவன் வேலையாக இருந்தபோது, தெருக்கோடியில் சுவிட்சுப் பெட்டி அருகே நின்ற கூட்டாளி நெட்டை, "போடவா?" என்று குரல் கொடுத்தான். "போடாத" என்று இவன் கத்தினான். அன்று நல்ல காற்று. அது சொல்லின் வாலைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் நெட்டையின் காதில் "போடுடா" என்று விழுந்தது. இருவரும் வாய்க்கு வாய் 'டா' போட்டுப் பழகியவர்கள். நெட்டைக்குச் சந்தேகமே வரவில்லை. போட்டுவிட்டான்.

அதிலிருந்து நெட்டை வேலைக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருவான்; மாடிப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். சோறு இறங்கவில்லை, ஒரு தடவை முகத்தைப் பார்க்க விட்டால்கூடப் போதும் என்று அவன் பெண்டாட்டி வந்து அழுதாள். உள்ளே விடக் கூடாது என்று லைன்மேன் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். கடவுளைப் பற்றியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான். கட்டிலோரம் அவள் கண்ணை மூடினாலே, ஜெபம் பண்ணுவதானால் வராந்தாவில் போய்ப் பண்ணிக்கொள் என்பான். அவள் மல்லுக்கு நிற்கவில்லை. வராந்தாவில் போய்ப் பண்ணினாள்.

படுத்த இடத்திலிருந்து பார்க்க ஜன்னல் ஒன்றுதான் இருந்தது. அதன் கம்பிகளுக்கிடையே வெளிப்பக்கம் ஒரு சிலந்தி வலை கட்டிக்கொண்டிருந்தது. முதலில் பொழுது போகாமல் பார்த்தான். பிறகு குறை கண்டுபிடிக்கப் பார்த்தான். சிலந்தி ஓர் இழையைக் காற்றில் விட்டு, அது எதிர்க்கம்பியில் ஒட்டும்வரை காத்திருந்தது. அப்புறம் நடுவிலிருந்து நாலா பக்கமும் இழுத்துக் கட்டியது. அதன்மேல் சுற்றிச் சுற்றித் தற்காலிகமாக ஒன்றைப் போட்டு, அதில் நின்றுகொண்டே பசை இழையைக் கட்டி, பழையதைக் கழற்றிக்கொண்டே வந்தது. சாரம் கட்டி வேலையை முடித்துச் சாரத்தைப் பிரிக்கிற மாதிரி. இடைவெளியைக் காலால் தொட்டுத் தொட்டு அளந்தது. தொய்வுகூடச் சரியாக இருந்தது. கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறவன் கத்துக்குட்டி. எவ்வளவு தொய்வு விடுவது என்று தெரிந்தவன்தான் லைன்மேன். அவனுக்கு அது பிடிபட வருஷக்கணக்கானது.

துப்புரவு செய்கிற அம்மா துடைப்பத்தோடு வந்து அதைத் தட்டப் போனபோது, இருக்கட்டும் என்றான்.

"ஒட்டடைக்குக் காவக்காரன் வச்ச ஆஸ்பத்திரி இது ஒண்ணாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மறுநாள் மழை வலையைக் கந்தலாக்கியது. மழை விட்டதும் சிலந்தி மூலையிலிருந்து இறங்கிவந்து முதல் இழையைக் காற்றில் விட்டது. பார்க்க அதிகாரி வரப்போவதில்லை, பாராட்ட ஆளில்லை. அப்படியும் ஓர் இடைவெளியைக்கூட அளக்காமல் விடவில்லை.

லைன்மேன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னான்: "ஒரு பூச்சிக்கு இவ்வளவு பாத்துப் பாத்துச் சொல்லிக் குடுத்தீரே. அன்னைக்கு என்னை மட்டும் ஏன் பாக்காம விட்டீர்?"

டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. வீட்டிலோ தெருவிலோ அவன் யாரிடமும் இப்படி 'நீர்' போட்டுப் பேசியதில்லை. அது ஜெபத்தில் மட்டும் வருகிற பேச்சு. அவனும் அதைக் கவனித்தான். திட்ட வாயைத் திறந்தவன் ஜெபம் பண்ணியிருந்தான்.

பதில் வரவில்லை. கை முளைக்கவும் இல்லை. ஆனால் ஆளில்லாத இடத்தைப் பார்த்து யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள் என்று அவனுக்குப் பட்டது. கேட்கிறவர் இருக்கிறார். ஒரு சிலந்திக்கு இத்தனையும் பழக்கிவிட்ட பொறுமைக்காரர். இவ்வளவு கேட்ட பிறகும் அவர் தன்னை வெளியே போகச் சொல்லவில்லை.

மனைவி பக்கம் திரும்பாமலே, "அவன் வந்திருக்கானா?" என்று கேட்டான்.

"அண்ணன் படியிலதான் உக்காந்திருக்காரு."

"வரச் சொல்லு."

நெட்டை நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. லைன்மேனின் மனைவி டீ டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவன் யாருக்கும் ஊட்டிப் பழகாதவன். பாதி டீ மோவாயில் வழிந்து போர்வையில் இறங்கியது. என்னவோ சொல்ல வந்தான். "நான்" என்பதற்குமேல் வரவில்லை.

"மொதல்ல வாய் எங்க இருக்குன்னு பாரு. அப்புறம் அழு."

நெட்டை சட்டை நுனியால் அவன் மோவாயைத் துடைத்தான். மிச்ச டீயை ஊதி ஆற்றி, மறுபடியும் அவன் வாய்க்கு அருகே கொண்டுபோனான்.