எட்டு நாளைக்கு ஒரு பாதி

இதில் ஒரு சொல் பொய்யென்றால், சொல்பவன் நாக்கு அழுகட்டும்.

அணு உலை புகைந்த மறுநாள். மழையில் நனைந்த புல்லை மேய்ந்திருந்த பசுவைக் கறந்து, வழக்கம்போல் முதல் டம்ளரை மகளுக்குக் கொடுத்துவிட்டார் பால்காரர். சேதி பிறகுதான் வந்தது.

மதியம் கதிர்வீச்சு அளக்கும் அளவுக்காரர் வந்தார். பால்வாளிக்கு மேலே பிடித்ததும் அவருடைய மீட்டர் சட்டியில் சோளம்போல் பொரிந்தது. மகள் கழுத்தருகே கொண்டுபோனார். அங்கேயும் மெல்லப் பொரிந்தது.

“மாடு தின்ன கதிர்விஷத்துல கொஞ்சம் கழுத்துல தங்கும், கொஞ்சம் பால்ல இறங்கும், மிச்சம் மூத்திரத்துல போயிடும். எட்டு நாளைக்கு ஒருதடவை வீரியம் பாதியாகும். எண்பது நாளைக்குப் பழைய வைக்கோலே போடுங்க, பாலைக் குழியில ஊத்துங்க.”

“என் பொண்ணு கழுத்து, சார்?”

“மாத்திரை தரேன். அதுவும் பாதி பாதியாத்தான் குறையும். எண்பதாம் நாள் பார்ப்போம். மீட்டர் இங்கயே இருக்கட்டும், யாரும் நோண்டாதீங்க.”

மகள் படுக்கும் அறையில், செத்துக் கிடந்த சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்து ஆணியில் அதை மாட்டிவிட்டுப் போனார்.

குழிப்பாலை நக்கிய பூனை எட்டாம் நாள் பாதியாயிற்று. பதினாறாம் நாள் அதிலும் பாதி. அதன்பின் ஒரு வாலும் ஒரு ‘மியாவ்’வும் மட்டும் வீட்டைச் சுற்றின. பால்காரர் மகளைக் கதவு நிலையில் நிறுத்தி எட்டு நாளைக்கொருதரம் அளந்தார். குறையவில்லை. ஆனால் பத்தாம் நாளிலிருந்து, அவள் படுத்திருக்கும் அறைக்குள் நுழைந்தாலே கேட்டது: டிக்... டிக்... டிக்...

“அவ கழுத்துக்குள்ள ஓடுதும்மா” என்றார் மனைவியிடம்.

“உங்க மண்டைக்குள்ளதான் ஓடுது. மணி நாலாச்சு, போய்க் கறங்க!”

கறந்தார், குழியில் ஊற்றினார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மகளுக்குத் தலை வாரினார்.

எண்பதாம் நாள் அளவுக்காரர் வந்து, ஆணியிலிருந்து மீட்டரை எடுத்துச் சுவிட்சைத் தட்டினார். பாலுக்கு மேலே பிடித்தார். சத்தமில்லை. மகள் கழுத்தில் வைத்தார். மூச்சுக்கூட விடவில்லை அது.

“சுத்தம்யா, குடிக்கலாம்.”

பால்காரர் முதல் டம்ளரை நீட்டினார். மகள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வெள்ளை மீசையோடு சிரித்தாள்.

அந்த மீட்டரின் பேட்டரி எழுபது நாளாகச் சுவர்க் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.