பேராசிரியர் ஒஸ்ரர்காம்பின் கடைசி விரிவுரை

வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்வது: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஜேர்மனியின் கொலோன் நகரில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஞானப்பிரகாசம். அங்கே அவர் மனதார மதித்த ஒரே மனிதர் ஜேர்மன் இலக்கியம் படிப்பித்த ஒஸ்ரர்காம்ப். முந்நூறு வருடத்துக்கு முந்திய ஓர் ஒப்பாரிப் பாட்டிலேயே ஆயுளைக் கழித்தவர். புருஷனுக்காக அதில் அழுகிறவளே அவனைக் கொன்றவள் என்பது அவர் கட்சி. அவள் உண்மையாகவே அழுதாள் என்பது பேராசிரியை தேர்பெக்கின் கட்சி. ஓய்வுபெறும் நாளில் ஒஸ்ரர்காம்ப் கடைசி விரிவுரை வைத்தார். ஆதாரம் அதன் கடைசி வரியில். அதை வாசித்து முடிக்காவிட்டால் நாற்பது வருடமும் குப்பை.

முதற் பக்கத்திலேயே தேர்பெக் அகராதியின் எட்டாம் பாகத்தை எறிந்தா. பேராசிரியரின் முன்பற்கள் இரண்டும் தண்ணீர்க் கிளாசுக்குள் விழுந்தன. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. அழுதாள் என்றவர்கள் கதிரைக் கால்களைப் பிடுங்க, கொன்றாள் என்றவர்கள் மேசைகளையே பிடுங்கினார்கள். மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த ஒரு விரிவுரையாளரின் காது பறந்தது. மேற்கோள் சரிதானா என்பதை அவர் மற்றக் காதால் கேட்டு உறுதிசெய்தார். மேலே இருந்த இருக்கை வரிசைகளிலிருந்து இரத்தம் படிப்படியாக இறங்கி மேடைக்கு வந்தது.

துப்புரவு வேலைக்கு நின்ற மன்னார் அஞ்சலா வாளியைக் கீழே வைத்தாள்.

"ஞானமண்ணை, அந்தாள் செத்து முந்நூறு வரியம். இவையள் ஏன் இப்ப அடிபடினம்?"

"பொறு பிள்ளை. கடைசி வரி வரட்டும்."

கடைசிப் பக்கத்தில் தேர்பெக் தன் சால்வையால் பேராசிரியரின் கழுத்தை இறுக்கினா. ஞானப்பிரகாசம் ஒரு கையால் சால்வையைத் தளர்த்தி, மறு கையால் ஒலிவாங்கியை அவர் வாயில் பிடித்தார். முன்பல்லில்லாத வாய் வாசித்தது: செத்தவீட்டுக்கு வாறவர்களுக்குக் கொடுக்கும் கேக்கைச் சுடும்படி அவள் சொல்லிவைத்தது, புருஷன் சாக மூன்று நாளைக்கு முன்பு.

எல்லோரும் அடித்த கையோடு நின்றார்கள்.

அந்த நாட்டில் விரிவுரை பிடித்தால் கை தட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையில் தட்டுவார்கள். முழு மேசை ஒன்றும் மிஞ்சாததால் பக்கத்தில் இருந்தவரின் மண்டையில் தட்டினார்கள். முதலில் தட்டியது தேர்பெக். ஒஸ்ரர்காம்ப் குழந்தைபோல அழுதார்.

அன்று அந்த மண்டபம் விடிந்ததிலிருந்து பூட்டியே கிடந்தது. அதன் ஒரே சாவி, ஹம் நகரில் பெறாமகளின் கலியாண எழுத்துக்குப் போயிருந்த ஞானப்பிரகாசத்தின் காற்சட்டைப் பையில் இருந்தது.