ஈரச் செம்பே

"அம்மா, இது எதுக்கு? அப்பாவுக்கு இது ஆகவே ஆகாதே!"

சவப்பெட்டிக்குள் சாமந்தி வைத்துக்கொண்டிருந்த மிதோரியின் கை அப்படியே நின்றது. அம்மா தோமிகோ ஒரு பொட்டலத்தைக் கிழித்து, ஈரச் செம்பேயை வெள்ளைத் தாளில் பரப்பி, அப்பாவின் தோளருகே வைத்துக்கொண்டிருந்தாள். சோயா சாறில் ஊறித் துவண்ட அரிசி வில்லைகள். பொக்கை வாய்க்காரர்கள்கூட மெல்லலாம்.

அப்பா ஷோகிச்சி நாகவோகாவில் செம்பே சுடும் ஆலையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். மொறுமொறு செம்பேயை அவர் கடித்தால் பக்கத்து அறையில் கேட்கும். துவண்ட செம்பேயை, நனைந்த செருப்பு என்று திட்டுவார்.

"மூணு வருஷமா இதைத்தான் தின்னாரு," என்றாள் அம்மா, தாளின் ஓரத்தை மடித்தபடி. "கெட்டியானதை நீ வர்றப்ப மட்டும் தட்டுல எடுத்து வச்சுப்பாரு."

மிதோரி பல் மருத்துவர். அப்பாவின் கீழ்த்தாடையில் இடப்பக்கம் எலும்பில் உலோகத் திருகு நட்டு இம்ப்ளான்ட் பல் வைத்தது அவள்தான். அங்கே எலும்பு தேய்ந்து உள்பக்கமாகச் சரிந்திருந்தது. வேறு நோயாளியாக இருந்தால் முதலில் ஈறைக் கீறி, எலும்புத்தூள் வைத்துத் தைத்து, அது இறுகும்வரை பொறுத்து, பிறகுதான் திருகை நேராக நட்டிருப்பாள். அப்பாவை இரண்டு முறை கிழிக்க மனம் வரவில்லை. இருக்கிற எலும்பிலேயே சாய்த்து நட்டு, மேலே பல்லை மட்டும் நிமிர்த்திப் பொருத்திவிட்டாள். சாய்த்து வைப்பதே தப்பு என்றில்லை. கணக்குப் போட்டுச் சாய்த்தால் பல காலம் நிற்கும். இவள் கணக்குப் போடவில்லை. கடிக்கிற பாரமெல்லாம் பக்கவாட்டில் இறங்கினால் சுற்றியுள்ள எலும்பு கரையும் என்று தெரியாதவளா?

"ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம், வாங்கப்பா" என்று கூப்பிடும்போதெல்லாம், "என் பல்லு கல்லாட்டம் இருக்கு, போய் நோயாளிங்களைப் பாரு" என்று விரட்டினார். அவளும் அதை நம்பிப் போனாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

மயானத்தின் காத்திருப்பு அறையில் தேநீர் ஆறிப்போனது. அம்மா பல்லைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ என்று மிதோரிக்கு இருந்தது, கேட்கமாட்டாளா என்றும் இருந்தது.

எரிந்து முடிந்ததும் எலும்புகள் கிடந்த தட்டு வெளியே வந்தது.

"கால்ல இருந்து ஆரம்பிங்க," என்றார் ஊழியர். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே எலும்பைத் தூக்கணும்."

மூங்கில் குச்சிகளோடு இருவரும் எதிரெதிரே நின்றார்கள். பாதம், முழங்கால், விலா என்று ஒவ்வொன்றாக அஸ்திப் பானைக்குள் போயின. தாடைக்கு வந்தார்கள். வெளுத்த துண்டொன்றில் அந்தத் திருகு உருகாமல், மழைக்குச் சாய்ந்த வேலிக்கம்பு மாதிரி நின்றது. அதைச் சுற்றி எலும்பு குழியாக அரித்துப்போயிருந்தது.

"உலோகத்தை நாங்க தனியா எடுத்துடறோம்மா."

"இருங்க," என்று அம்மா குனிந்து பார்த்தாள். "மிதோரி, இது நேராத்தானே இருக்கணும்?"

வேற்று மனிதர் முன்னால் சொல்ல நாக்கூசியது.

"ஆமாம்மா. நான்தான் சாச்சு வச்சேன். அப்பாவுக்கு வலிச்சுதா?"

"வலிச்சுது. ஆடவும் செஞ்சுது. உன்கிட்ட சொல்லிடலாம்னேன். 'சொன்னா பொண்ணு கை நடுங்கிப்போவும். அப்புறம் ஊரார் வாயில எப்படிக் கை வைப்பா'ன்னு என் வாயை அடைச்சுட்டாரு."

மிதோரிக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றி எறிந்திருப்பாளே! மூன்று வருஷம் எதிரில் உட்கார்ந்து, தொடாத தட்டைப் பார்த்துக்கொண்டே அவளும் தேநீர் குடித்திருக்கிறாள்.

"அதையும் சேர்த்தே எடு," என்றாள் அம்மா.

மிதோரி குச்சியை நீட்டினாள். நுனி நடுங்கியது.

"சாயாமப் பிடி."

அம்மாவின் குச்சியும் அடியில் வந்து தாங்கியது. அந்தத் துண்டு திருகோடு தட்டிலிருந்து எழுந்தது. பானையின் வாய்வரை ஒரு துகள்கூட உதிரவில்லை.